உருளும் பந்தும் ஊன்றாத கம்பியும்

கடலூரிலும் சிதம்பரத்திலும் டிராக்பாலைத் தேடுகிறவர் ஸ்கேன் சென்டருக்குத்தான் போக வேண்டும். தொண்ணூறுகளில் நம் ஊர்களில் திறந்து மூடிய வீடியோ கேம் கடைகளில் ஜாய்ஸ்டிக்கும் பொத்தானும்தான் ஆட்சி செய்தன. உள்ளங்கையால் பந்தை உருட்டி விளையாடும் ஆர்கேட் பெட்டிகள் பெரும்பாலும் கடல் தாண்டவில்லை. பந்து நம்மிடம் வந்தது மருத்துவத்தின் வழியாக. அல்ட்ராசவுண்ட் எந்திரத்தில் ஒரு கை புரோபைப் பிடித்திருக்க, மறு கை உருட்டிக்கொண்டிருப்பது அதைத்தான். கருவின் தலையளவுக்கும் சிறுநீரகக் கல்லின் நீளத்துக்கும் திரையில் புள்ளி வைப்பதும் அதுவே.

பெட்டி வேறு, மேசை வேறு. பொறியியல் சிக்கல் ஒன்று. மனிதக் கை இடைவிடாமல் தொடும் ஒரு பொருள், அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே 5 வோல்ட்டில் இயங்கும் நுண்மின் சுற்று. கையோடு வரும் நிலைமின் அந்தச் சுற்றுக்குள் பாயாமல் எங்கே போய் இறங்குவது? ஆர்கேட் வடிவமைப்பாளர்கள் இதற்குத் தந்த விடை புவித்தொடுப்பு, அதாவது எர்த். அந்த விடை அதன் சொந்த மண்ணில் எவ்வளவு செம்மையானது, கொள்ளிடத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்ட இந்த மண்ணில் எவ்வளவு செல்லுபடியாகும் என்பதே இங்கே எடைபோடப்படுகிறது. அளவுகோல் இரண்டு. மின்னூட்டம் இறங்கும் பாதை தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறதா? அந்தப் பாதை எங்காவது அறுந்துபோனால் கருவி என்னவாகிறது? முதற்கேள்வியைக் கேட்காத உற்பத்தியாளர் இல்லை. இரண்டாவதில்தான் நல்ல வடிவமைப்பும் நடுத்தர வடிவமைப்பும் பிரிகின்றன.

வரலாற்றில் ஒரே ஒரு திருப்பம் நமக்கு வேண்டும். 1946இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் செய்த உருள்பந்தில் பந்து உலோகம். அது ரப்பர் பூசிய சக்கரங்கள்மேல் உருண்டது. 1952இல் கனடியக் கடற்படையின் டேட்டார் திட்டத்துக்காக டாம் கிரான்ஸ்டன், பிரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகியோர் பந்துவீச்சு விளையாட்டின் பந்தையே எடுத்துப் பொருத்தினார்கள். 1978இன் அட்டாரி ஃபுட்பால், 1980இன் மிசைல் கமாண்ட், 1981இன் சென்டிபீட் என்று ஆர்கேட் மரபு உருவானபோது அமைப்பு முற்றாகத் தலைகீழாகியிருந்தது: பிசின் பந்து, எஃகு உருளைகள்.

இதன் மின்னியல் பொருளைப் பலர் கவனிப்பதில்லை. ரப்பர்மேல் அமர்ந்த உலோகப் பந்து, தனித்துவிடப்பட்ட கடத்தி. அதில் சேரும் மின்னூட்டம் முழுவதும் ஒரே புள்ளியில், ஒரே கணத்தில் வெளியேற முடியும். எஃகு உருளைமேல் அமர்ந்த பிசின் பந்து மின்காப்புப் பொருள். அதன் மேற்பரப்பில் ஓரிடத்தில் சேர்ந்த மின்னூட்டம் மறுபக்கத்துக்கு நகர்வதே கடினம். வெளியேறினாலும் சிறு துணுக்குகளாகவே வெளியேறும். மேலும் கடத்தியான பகுதி இப்போது அசையாத அச்சுடைய உருளையாகிவிட்டதால் அதற்குக் கம்பி இழுப்பது எளிது. விலையும் உழைப்புத்திறனும் பார்த்துச் செய்த மாற்றம் நிலைமின் பார்வையிலும் சரியாக அமைந்தது. நோக்கம் எதுவாக இருந்தாலும் பயன் பயன்தான். அந்த மதிப்பெண்ணை அட்டாரி மரபுக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் ‘பந்து உருள உருள நிலைமின் சேர்ந்து கருவியைக் கெடுக்கிறது’ என்ற பரவலான விளக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. உரசலால் பந்தில் மின்னூட்டம் சேர்கிறது, உண்மை. எவ்வளவு? 3 அங்குல விட்டமுள்ள பந்தை முழுக் கடத்தியாகவே வைத்துக் கணக்கிட்டாலும் அதன் மின்தேக்குத்திறன் 4 பிக்கோஃபாரட் அளவுதான். அதை உருட்டும் மனித உடலுக்கோ 100 முதல் 150 பிக்கோஃபாரட். இரண்டும் 5,000 வோல்ட்டுக்கு ஏறியிருப்பதாகக் கொள்வோம். பந்தில் இருக்கும் ஆற்றல் ஒரு மில்லிஜூலில் இருபதில் ஒரு பங்கு. உடலில் இருப்பது ஒன்றேகால் மில்லிஜூல். இருபத்தைந்து மடங்கு வேறுபாடு. குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பந்து அவர் கைநீட்டும் வாசல் மட்டுமே. பாலியஸ்டர் துணியும் ரெக்சின் இருக்கையும் ஒன்றையொன்று தேய்த்துவிட்டுப் பிரிகிற கணத்தில்தான் பெரிய சேமிப்பு நிகழ்கிறது. எழுந்து நின்று மறுபடி தொடும்போது பொறி பறப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் ஆர்கேட் தீர்வுகளைத் தரம்பிரிப்பது எளிது. நல்ல பெட்டியில் பந்தைச் சுற்றியுள்ள முகப்புத் தகடு உலோகம். அது தடித்த கம்பியால் பெட்டியின் எர்த்தோடு இணைந்திருக்கும். மின்னூட்டத்தோடு வரும் விரல் பந்தைத் தொடுவதற்கு முன்போ பின்போ அந்தத் தகட்டை நெருங்கும், பொறி தகட்டில் இறங்கும், சுற்றுக்குள் நுழையாது. இது தெளிவான, சிக்கனமான தீர்வு. நாணயக் கதவையும் சேர்த்து எர்த் செய்வது அதே தர்க்கத்தின் நீட்சி. (அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரின் பொறியை நாணயத் துவாரத்தில் பாய்ச்சி இலவச ஆட்டம் எடுத்த விடலைப் பையன்கள் அந்த நீட்சியின் தேவையைத் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சோதனைக்கூடம் எதுவும் அவ்வளவு விடாமுயற்சியோடு சோதித்திருக்காது.)

உருளைகளை எர்த் செய்வதில் தரம் சற்றுச் சரிகிறது. உருளையின் தண்டு பேரிங்கில் நிற்கிறது, பேரிங் தாங்கியில் நிற்கிறது, தாங்கிக்குக் கம்பி இருக்கிறது; எனவே உருளைக்கும் எர்த் உண்டு என்று முடிவுகட்டுகிறார்கள். உருளை அசையாமல் இருக்கும்போது மீட்டரை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் காட்டும். உருளும்போது குண்டுகளுக்கும் வளையத்துக்கும் நடுவே கிரீஸ் படலம் புகுந்துகொள்ளும். அந்தப் படலம் மின்காப்பு. தொடுப்பு விட்டுவிட்டு நிகழும். இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்தது படலத்தைக் கிழித்துக்கொண்டு பாயும். பெரிய மோட்டார்களில் தண்டின்மேல் எர்த் பிரஷ் வைப்பதற்கு இதே காரணம்தான். டிராக்பாலிலும் தண்டின் நுனியை உரசிநிற்கும் ஒரு மெல்லிய உலோக இதழ் போதும். அதைச் சேர்த்த வடிவமைப்பு தன் முறையைக் கடைசிவரை யோசித்திருக்கிறது. சேர்க்காதது மீட்டரின் சொல்லை நம்பி நின்றுவிட்டது.

மின்னூட்டத்தை வெளியேற்றுவதோடு நில்லாமல், அது நுழைந்துவிட்டாலும் தாங்கிக்கொள்வது மேலான வடிவமைப்பு. உருளையோடு சுழலும் துளையிட்ட தட்டை இரண்டு ஒளியுணர்விகள் பார்க்கின்றன. அவற்றின் துடிப்புகள் கால் அலை முன்பின்னாக வருவதிலிருந்து திசையும் தொலைவும் கிடைக்கின்றன. எளிய சுற்று ஒரு தடத்தின் ஏற்றத்தை எண்ணும். மறுதடத்தைத் திசைக்காக மட்டும் எட்டிப்பார்க்கும். பொறியால் ஒரு தடத்தில் பொய்த்துடிப்பு விழுந்தால் அது ஒரு படியாக எண்ணப்பட்டுவிடும். இரு தடங்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணும் முழுச் சுற்றில் அதே பொய்த்துடிப்பு ஒரு படி முன்னே, ஒரு படி பின்னே என்று தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். செலவு ஒன்றிரண்டு தர்க்கக் கதவுகள். வரவு, கம்பியே இல்லாதபோதும் காப்பாற்றும் ஒரு பண்பு. நம் இரண்டாம் அளவுகோலில் ஆர்கேட் மரபு நேரடியாகத் தேறும் இடம் இது ஒன்றுதான்.

இனி நம்மூர்க் காற்று. நிலைமின்னைப் பற்றிய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வறண்ட அறைகளில் எழுதப்பட்டவை. அமெரிக்க ராணுவக் கையேட்டிலிருந்து உலகம் முழுவதும் எடுத்தாளப்படும் அட்டவணை, கம்பளத்தில் நடப்பவரின் உடலில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கையில் 35,000 வோல்ட் வரை ஏறும் என்கிறது. 65 முதல் 90 சதவீதத்தில் 1,500 வோல்ட். வினைல் தரைக்கு அதே அட்டவணையில் 12,000, 250. வங்கக் கடலோரம் ஆண்டின் பெரும்பகுதி இரண்டாவது பத்தியில்தான் வாழ்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே மனிதத் தோல் பொறியை உணர்வதே இல்லை. ஆகவே கடலூர் தேவனாம்பட்டினத்தின் கடல்காற்று நுழையும் அறையில் நிலைமின்னுக்கென்று தனித் தற்காப்பு கேட்பவரிடம் ஆதாரம் கேட்கலாம்.

விலக்கு உண்டு. கடல்காற்று பிந்தும் மே மாதப் பகல்களில் மேலக்காற்று வீசும்போது ஈரப்பதம் இறங்கிவிடும். ஸ்கேன் அறை ஏசியிலேயே மூடிக்கிடக்கும்; ஏசி ஈரத்தைப் பிழிந்தெடுக்கும். ஆனாலும் அந்த அறை பனிநாட்டு வறட்சிக்குப் போவதில்லை, கம்பளமும் இல்லை. அட்டவணையின் இரு பத்திகளுக்கு நடுவே எங்கோ நிற்கிறோம். மனிதன் உணராத சில நூறு வோல்ட் சிப்பைக் காயப்படுத்தும் என்பதால் தற்காப்பு வேண்டாம் என்று சொல்ல முடியாது. முதலிடம் கொடுக்க முடியாது என்று சொல்லலாம்.

அப்படியானால் நம் ஸ்கேன் அறைகளிலும் கணினி மேசைகளிலும் ‘தொட்டால் சுர்ருங்குது’ என்ற புகார் ஏன் இவ்வளவு? அதற்கு ‘ஸ்டாட்டிக்தான் சார், ஒண்ணும் பண்ணாது’ என்ற பதில் ஏன் இவ்வளவு சரளம்? நோயறிதலே தவறு என்பது என் முடிவு. நிலைமின் ஒருமுறை பளிச்சென்று அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. விரலின் பின்புறத்தால் உலோகத்தை வருடும்போது சொரசொரப்பாக, தொடும் நேரமெல்லாம் அதிர்ந்துகொண்டே இருப்பது 50 ஹெர்ட்ஸ் மாறுமின். டெஸ்டரை வைத்தால் நியான் விளக்கு மினுக்கும். இது எர்த் இல்லாத எந்திரத்தின் கையெழுத்து.

காரணம் எளியது. இன்றைய மின்வழங்கிகளில் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகக் கூட்டுக்குச் சிறு மின்தேக்கிகள் வைப்பார்கள். எர்த் இருக்கும்வரை அவை வழியாகக் கசிவது மண்ணுக்குப் போகும். எர்த் அறுந்தால் இரு தேக்கிகளும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பங்கிட, கூடு 115 வோல்ட் அளவில் மிதக்கும். தேக்கி 2.2 நானோஃபாரட் என்றால், தொடுபவர் வழியாகப் பாய்வது 0.16 மில்லியாம்பியர். கொல்லாது. ஆனால் மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601 தரம் இயல்பு நிலையில் அனுமதிக்கும் தொடுமின்னோட்டம் 0.1 மில்லியாம்பியர், எர்த் அறுந்தது போன்ற ஒற்றைப் பழுதில் 0.5. ஸ்கேன் எந்திரமே அந்தத் தரத்துக்குள் இருக்கலாம். அதனோடு கேபிளால் இணைத்த சாதாரணக் கணினியும் பிரிண்டரும் அப்படியல்ல. அவை இரண்டு ஓட்டை மட்டும் வேலைசெய்யும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் அவற்றின் கசிவு கேபிளின் உலோக உறை வழியே எந்திரத்தின் கூட்டுக்கும் வந்துசேரும்.

இப்போது ஆர்கேட் மரபின் முகப்புத் தகட்டைத் திரும்பப் பாருங்கள். பந்தைச் சுற்றிய உலோக வளையத்தைத் தடித்த கம்பியால் கூட்டோடு கட்டியது அதன் பெருமை. மூன்றாம் துளையில் கம்பி இல்லாத சாக்கெட்டில் அதே பெட்டியைச் செருகினால், நிலைமின்னுக்கு என்று போட்ட பாதையே கசிவு மின்னோட்டத்தைப் பயனரின் உள்ளங்கைக்குக் கொண்டுவந்து கொடுக்கும். உள்ளே லைன் கம்பியின் உறை கிழிந்து கூட்டைத் தொட்டால் 230 வோல்ட்டும் அங்கேதான் வரும். தற்காப்பு ஆபத்தாக மாறும் இந்தத் திரிபு முதல் அளவுகோலில் முழு மதிப்பெண் பெற்ற வடிவமைப்பின் குறை.

பிழையின் வேர் ஒரே கம்பியிடம் இரண்டு வேலையைக் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே தகுதி என்று நினைத்தது. நிலைமின்னை இறக்க ஒரு மெகாஓம் போதும். உடலின் 100 பிக்கோஃபாரட் ஒரு மெகாஓம் வழியாக வடிய எடுக்கும் நேரம் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு; கண்ணிமைக்கும் நேரத்தைவிட ஆயிரம் மடங்காவது குறைவு. மின்னணுத் தொழிற்சாலையில் மணிக்கட்டில் கட்டும் பட்டைக்குள் இருப்பதும் அந்த ஒரு மெகாஓம்தான். 230 வோல்ட்டே பட்டாலும் அது கால் மில்லியாம்பியருக்குள் அடக்கிவிடும். பழுது மின்னோட்டத்தை இறக்குவதற்கோ ஓம்கள் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மெல்லக் கசியவிடும் வேலை. மற்றது பெருவெள்ளத்தை வடித்து பிரேக்கரை விழவைக்கும் வேலை. கை தொடும் வளையத்தை மெகாஓம் வழியாகவும், கைபடாத உட்கூட்டைத் தடித்த கம்பியாலும் எர்த் செய்திருந்தால் இரு பணியும் நிறைவேறும். கம்பி அறுந்த நாளிலும் உள்ளங்கை தப்பும்.

பெருவெள்ளத்தை வடிக்கும் வேலையில் நம் மண் எப்படித் தேறுகிறது? நம் வீடுகளிலும் கடைகளிலும் பெரும்பாலும் வாடிக்கையாளரே குழி வெட்டிக்கொள்ளும் முறைதான். ஐஎஸ் 3043, 1987இன் பதிப்பும் சரி, 2018இன் திருத்தமும் சரி, இந்தத் துறையின் இலக்கண நூல். அதன் வாய்பாட்டின்படி 40 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள ஜிஐ பைப்பின் மின்தடை, மண்ணின் தடைத்திறனை 0.35ஆல் பெருக்கினால் வரும். சிதம்பரத்தைச் சுற்றிய ஈரக் களிமண்ணுக்குத் தடைத்திறன் 10 ஓம்-மீட்டர் என்று கொண்டால் விடை மூன்றரை ஓம். கடலூரில் கேப்பர் மலை ஏறினால் கதை மாறுகிறது. நிலவியலாளர் கடலூர் மணற்கல் என்றே பெயரிட்ட செந்நிலம் அது. பண்ருட்டி முந்திரித் தோப்புகள் வரை நீளும் அந்த வறண்ட செம்மணலுக்கு 200 ஓம்-மீட்டர் என்று கொண்டால் அதே பைப் 70 ஓம் தரும். இருபது மடங்கு. ஒரே மாவட்டம், ஒரே எலக்ட்ரீஷியன், ஒரே பைப்.

மூன்றரை ஓமே போதுமா என்றால், தனியாக நின்றால் போதாது. 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 66 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி பிரேக்கர் நொடியின் சிறு பங்கில் உறுதியாக விழ 160 வேண்டும். 66இல் அது வெப்பத்தால் மெல்லவே விழும். அதுவரை கூடு உயிரோடிருக்கும். 70 ஓமில் பாய்வது 3.3 ஆம்பியர். அது எந்த எம்சிபியையும் விழவைக்காது. மாதக்கணக்கில் கசிந்து மீட்டரை ஓட்டிக்கொண்டிருக்கும். இதனால்தான், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி அலங்காரப் பொருள் அல்ல என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு 70 ஓம் ஒரு பொருட்டே இல்லை. கூடு 2 வோல்ட் ஏறியதுமே கசிவு அதன் எல்லையைத் தொட்டுவிடும்.

கரியும் உப்பும் அடுக்கிய பழைய குழியைச் சிரித்து ஒதுக்குவது இன்றைய பாணி. நியாயமில்லை. கரி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, உப்பு தடைத்திறனைக் குறைக்கிறது, குறைந்த செலவில் செம்மண்ணிலும் பயன் தருகிறது. ஆனால் அந்த உப்பே ஜிஐ பைப்பைத் தின்கிறது. கோடையில் தண்ணீர் ஊற்றுபவர் இல்லாவிட்டால் கரியும் காய்கிறது. கடலூர் முதுநகர்ப் பக்கம் நிலத்தடி நீரே உவர்ப்பாக இருக்குமிடத்தில் மேலும் உப்புக் கொட்டுவது மரபைப் பொருளறியாமல் ஓதுவது. அங்கே தடைத்திறன் ஏற்கெனவே குறைவு. எதிரி துருதான், அதற்குச் செம்பு பூசிய தண்டும் பெண்டோனைட் மண்ணும் மேலான விடை. சந்தையில் ‘கெமிக்கல் எர்த்திங்’ என்று விற்பதில் இந்த நியாயம் உண்டு. ‘பராமரிப்பே வேண்டாம்’ என்ற விளம்பரத்தில் இல்லை. எந்தக் குழியானாலும் அதற்கும் சாக்கெட்டின் மூன்றாம் துளைக்கும் நடுவே உள்ள முறுக்கு அவிழ்ந்திருந்தால் அது முழு மதிப்பெண்ணிலிருந்து சுழியத்துக்கு வந்துவிடும். குழி வெட்டச் சோம்பி நியூட்ரலையே மூன்றாம் துளைக்கு வளைத்துவிடும் வழக்கத்தை இந்த மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. அது குறைபாடல்ல, குற்றம்.

மருத்துவ டிராக்பாலை இந்தப் பின்னணியில் வைத்தால்தான் அதன் உயரம் தெரிகிறது. 2014இல் வந்த ஐஇசி 60601-1-2இன் நான்காம் பதிப்பு, தொட்டுப் பாய்ச்சும் சோதனையை 6இலிருந்து 8 கிலோவோல்ட்டுக்கும், காற்றிடைப் பொறியை 8இலிருந்து 15 கிலோவோல்ட்டுக்கும் உயர்த்தியது. அந்தச் சோதனையை முகப்பு முழுவதும் தாங்க வேண்டும். பந்துக்கு மட்டும் சலுகை இல்லை. பல வடிவமைப்புகள் கை தொடும் வளையத்தைப் பிளாஸ்டிக்காக்கி, பொறி கடக்க வேண்டிய இடைவெளியை நீட்டி, சுற்றைப் பின்னுக்கு நகர்த்துகின்றன. எஃகு உருளைக்குப் பதில் செயற்கை மாணிக்கக் குண்டுகள்மேல் பந்தை வைத்து, அதன் மேற்பரப்பைக் கேமராவால் படிக்கும் புதிய அமைப்பு ஒரு படி மேலே போகிறது: கைக்கும் சுற்றுக்கும் நடுவே உலோகமே இல்லை. பந்தில் சேர்ந்தது பந்திலேயே கிடக்கும். கிடந்தால் என்ன, இருபதில் ஒரு பங்கு மில்லிஜூல். பாதையை வகுப்பதைவிடப் பாதையின் தேவையை நீக்குவது உயர்ந்த முறை.

குறையும் உண்டு. ஸ்கேன் மேசையில் பந்து காய்ந்த கையால் உருட்டப்படுவதில்லை. கையில் ஒட்டிய ஈர ஜெல் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். வளைய இடுக்கில் வழிந்து உள்ளே படியும். மின்காப்பை நம்பிய வடிவமைப்பில் அந்த ஈரப் படலம் இடைவெளியைக் குறுக்குகிறது. வளையத்தைத் திருகிப் பந்தை எடுத்துத் துடைக்க வசதி வைத்திருப்பது இதற்குப் பாதி விடை. மீதிப் பாதி துடைப்பவரிடம் இருக்கிறது. கூட்டம் நிற்கும் அறையில் மாதம் ஒருமுறை துடைப்பதைக்கூட எந்தத் தரநூலும் கட்டாயப்படுத்த முடியாது. பழைய உருளை அமைப்பு அழுக்கேறினால் பந்து தடுமாறித் தன் குறையைத் தானே சொல்லிவிடும். கேமரா அமைப்பு சத்தமில்லாமல் கெடும்.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ஆர்கேட் டிராக்பாலின் புவித்தொடுப்பு, எர்த் இருக்கும் நாட்டில் எழுதப்பட்ட செம்மையான கட்டுரை. தன் அடிப்படை அனுமானத்தைச் சரிபார்க்காத கட்டுரையும்கூட. நிலைமின்னைப் பற்றி அதன் கவலை நம் ஈரக்காற்றில் மிகை. மூன்றாம் துளையைப் பற்றி அதன் நம்பிக்கை நம் சுவர்களில் குறைபாடு. மாணிக்கக் குண்டும் கேமராவும் கொண்ட மருத்துவ அமைப்பு இரு அளவுகோலிலும் முந்துகிறது. நடுவே, உலோக வளையத்தை மெகாஓம் வழியாக இறக்கும் அமைப்பு செலவுக்குத் தக்க சிறந்த விடை.

கருவி வாங்குவோர் எந்தப் பந்தைத் தேர்ந்தாலும் சுவரின் பொறுப்பு அவர்களுடையதே. மின்வாரியம் தன் எர்த்துகளை வறண்ட பருவத்தில் வறண்ட நாளில், ஈராண்டுக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்கள் குழியையும் அப்படியே அளக்கச் சொல்லுங்கள்: ஐப்பசி மழையில் நல்ல எண் காட்டாத குழி இந்த மாவட்டத்தில் எது? மே மாதத்தில் அளந்த எண்ணை எழுதி வாங்குங்கள். அறைக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, மின்னணுக் கருவிகளுக்கேற்ற ஏ வகையில் இருக்கட்டும். ஆன்லைன் யூபிஎஸ் இருந்தால் அதற்கு முன்னால் வைத்த ஆர்சிசிபி பின்னால் நடக்கும் கசிவை எல்லா அமைப்பிலும் காணாது என்பதால், யூபிஎஸ்ஸுக்குப் பின்னாலும் ஒன்று தேவையா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பிரிண்டரையும் கணினியையும் எந்திரத்தின் அதே எர்த் உள்ள பலகையில் செருகுங்கள். யாராவது ‘ஸ்டாட்டிக்தான் சார்’ என்றால், டெஸ்டரை அவர் கையிலேயே கொடுத்துக் கூட்டில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.